பதினொன்றும் ஏழும்



சென்ற இதழின் இசைப் பக்கத்தைப் படித்துவிட்டு ஒரு வாசகி நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அதில் ஒரு கேள்வி என்னை விடவில்லை. "பழைய ஆல்பங்களை மறுபடி வெளியிடும்போது போனஸ் என்று நாலைந்து பாட்டைக் கூடச் சேர்த்துவிடுகிறார்கள். அவை நன்றாக இருந்திருந்தால் அப்போதே போட்டிருப்பார்களே? வேண்டாமென்று ஒதுக்கியதை இப்போது நம் தலையில் ஏன் கட்ட வேண்டும்?" என்று கேட்கிறார். கடிதப் பகுதியில் இரண்டு வரியில் பதில் சொல்லிவிட முடியாத கேள்வி. அதனால் இந்தப் பக்கத்தை அதற்கே எடுத்துக்கொள்கிறேன்.

வியாபாரக் காரணத்தை முதலில் சொல்லிவிடலாம். எல்.பி. இசைத்தட்டில் ஒரு பக்கத்துக்கு இருபது, இருபத்திரண்டு நிமிடம்தான் வசதி. அதற்கு மேல் திணித்தால் வரிப்பள்ளங்கள் நெருங்கி ஒலி வலுவிழந்துவிடும். ஆகவே நாற்பது நிமிடம் என்பது ஓர் ஆல்பத்தின் இயல்பான அளவாக நிலைத்தது. 1982-ல் சி.டி. கடைக்கு வந்தபோது அதில் 74 நிமிடத்துக்கு இடம் இருந்தது. பழைய ஆல்பத்தை அப்படியே ஏற்றினால் அரை மணி நேரம் காலியாகக் கிடக்கும். இசைத்தட்டை ஏற்கெனவே வாங்கி வைத்திருப்பவரை மறுபடி கடைக்கு வரவழைக்கவும் ஒரு காரணம் வேண்டும். 1990 வாக்கில் ரைக்கோடிஸ்க் நிறுவனம் டேவிட் போவியின் ஆல்பங்களைக் கூடுதல் பாடல்களோடு வெளியிட்டு நல்ல வரவேற்பைப் பெற்றது. அதன்பின் இது எல்லாரும் செய்கிற வழக்கமாகிவிட்டது. ஒத்திகைப் பதிவு, மேடைப் பதிவு, வேறொரு மிக்ஸ், சிங்கிளின் மறுபக்கத்தில் இருந்த பாட்டு என்று பெட்டியைத் துழாவி எடுத்துச் சேர்த்தார்கள். அவற்றில் பெரும்பாலானவற்றை ஒரு முறை கேட்போம், பிறகு மறந்துவிடுவோம். அந்த மட்டும் வாசகியின் பக்கம்தான் நானும்.

ஆனால் கூடுதல் பாடல்கள் வந்த பிறகுதான் முழுதாகப் பிடிபட்ட ஆல்பங்களும் உண்டு. எனக்கு மிகவும் பிடித்த ஒன்றை எடுத்துக்கொண்டு பேசுகிறேன். பிரையன் ஈனோவும் டேவிட் பைர்னும் சேர்ந்து 1981 பிப்ரவரியில் வெளியிட்ட 'மை லைஃப் இன் தி புஷ் ஆஃப் கோஸ்ட்ஸ்'. பேய்கள் வாழும் காட்டில் என் வாழ்க்கை என்று பொருள். 25 ஆண்டு கழித்து, 2006-ல், அது மறுவெளியீடு கண்டது. பதினொரு பாடல்களோடு ஏழு கூடுதலாகச் சேர்ந்து மொத்தம் பதினெட்டு. அந்த ஏழைப் பற்றியும், பட்டியலில் இல்லாமல் போன இன்னொன்றைப் பற்றியும் உங்களிடம் சொல்ல வேண்டும்.

இருவரையும் அறியாதவர்களுக்காகச் சில வரிகள். ஈனோ இங்கிலாந்துக்காரர். ராக்ஸி மியூசிக் குழுவின் முதல் இரண்டு ஆல்பங்களில் சிந்தசைசரோடு இருந்தவர். 1973-ல் வெளியேறி, ஸ்டுடியோவையே ஒரு வாத்தியமாகக் கையாளக் கற்றுக்கொண்டவர். பைர்ன் ஸ்காட்லாந்தில் பிறந்து அமெரிக்காவில் வளர்ந்தவர். நியூயார்க்கின் டாக்கிங் ஹெட்ஸ் குழுவுக்குப் பாட்டும் குரலும் அவர்தான். 1978-லிருந்து அந்தக் குழுவின் ஆல்பங்களைத் தயாரித்தவர் ஈனோ. 1979-ல் வந்த 'ஃபியர் ஆஃப் மியூசிக்' முடிந்தபோது இருவருக்கும் ஆப்பிரிக்கத் தாளங்களின் மீதும் ராக் பாட்டின் வழக்கமான அமைப்பிலிருந்து விலகுவதன் மீதும் பெரும் மோகம் வந்திருந்தது.

அந்த நாட்களில் அவர்கள் வேற்று நாட்டுக் களப் பதிவுகளைத் தேடித் தேடிக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். பிரெஞ்சு வானொலியோடு தொடர்புடைய ஒகோரா நிறுவனத்தின் இசைத்தட்டுகள் அவற்றில் முக்கியம். ஒரு கிராமத்துச் சடங்கு, ஒரு மேய்ப்பனின் குழல், அட்டையின் பின்புறம் ஆய்வாளர் எழுதிய விளக்கம் என்று ஒரு சமூகம் முழுவதையும் ஒரு தட்டில் அடக்கி வைத்திருப்பார்கள். டிரம்பெட் கலைஞர் ஜான் ஹாசெலும் இந்தப் பேச்சில் சேர்ந்துகொண்டார். மூவருமாக எங்காவது பாலைவனத்தில் போய் உட்கார்ந்து, இல்லாத ஒரு நாட்டின் இசையை உருவாக்கி, அதை யாரோ களத்தில் பதிவு செய்ததுபோல் விளக்கக் குறிப்புகளோடு வெளியிடலாம் என்பது முதல் யோசனை. பாலைவனப் பயணம் நடக்கவில்லை. ஹாசெலும் இதில் சேரவில்லை. ஆனால் அந்த யோசனையிலிருந்த ஒன்று மட்டும் தங்கிவிட்டது: இந்த இசையில் தாங்கள் இருவரும் பாடக் கூடாது.

அப்படியானால் யார் பாடுவது? அமெரிக்க வானொலி பாடியது. இரவில் வானொலிப் பெட்டியின் முள்ளைத் திருப்பிக்கொண்டே போனால் ஒரு பக்கம் போதகர் கூவுவார், இன்னொரு பக்கம் நேயர் ஒருவர் தொலைபேசியில் அரசியல்வாதியோடு சண்டை பிடிப்பார். ஈனோவும் பைர்னும் அவற்றைக் கேசட்டில் பிடித்துவைத்தார்கள். முதல் பாடலான 'அமெரிக்கா இஸ் வெயிட்டிங்'கில் கேட்பது சான் பிரான்சிஸ்கோவின் வானொலித் தொகுப்பாளர் ஒருவர் கொதித்துப் போய்ப் பேசுவதை. 1980 ஏப்ரலில் பிடித்தது. அமெரிக்கத் தூதரக ஊழியர்கள் ஈரானில் பிணைக்கைதிகளாக இருந்த காலம் என்பதை மனத்தில் வைத்துக்கொண்டு கேட்டால் அந்த எரிச்சலின் சூடு இன்னும் புரியும். 'ஹெல்ப் மீ சம்பாடி'யில் நியூ ஆர்லியன்ஸைச் சேர்ந்த பால் மார்ட்டன் என்ற போதகரின் வானொலிப் பிரசங்கம். 'மூன்லைட் இன் குளோரி'யில் அமெரிக்கத் தென்கிழக்குக் கடலோரத் தீவுகளில் வாழும் கறுப்பின மக்களின் வழிபாட்டுக் கூடப் பாடகர்களான மூவிங் ஸ்டார் ஹால் குழுவினர். லெபனானின் மலைப் பாடகி துன்யா யூனிஸின் குரல் இரண்டு பாடல்களில் வருகிறது. அரபுலகின் புகழ்பெற்ற பாடகி சமீரா தௌஃபிக்கின் குரல் 'எ சீக்ரெட் லைஃப்' பாடலில்.

இன்றைக்கு இதைப் பத்து வயதுப் பிள்ளை கைப்பேசியில் செய்துவிடும். பதிவான ஒலியை எடுத்து வாத்தியம்போல் வாசிக்க உதவும் சாம்பிளர் அன்று சாதாரண இசைக்கலைஞருக்கு எட்டாத பொருள். அத்தகைய ஃபேர்லைட் கருவி 1979-ல்தான் வந்தது. அதன் விலையில் வீடே வாங்கலாம். ஆகவே இவர்கள் கையாண்ட முறை முழுக்க முழுக்கக் கைவேலை. ஒரு டேப் இயந்திரத்தில் தாளமும் கிட்டாரும் பேஸும் பதிவான ட்ராக் ஓடும். இன்னொரு இயந்திரத்தில் போதகரின் குரல். இரண்டையும் ஒரே நேரத்தில் முடுக்கிவிட்டு, குரல் எந்த இடத்தில் தாளத்தின் மேல் விழுகிறது என்று பார்ப்பார்கள். தவறினால் நாடாவைப் பின்னுக்குச் சுற்றி, ஒரு நொடி முன்னதாகவோ பின்னதாகவோ மறுபடி முடுக்குவார்கள். இரண்டையும் பூட்டி ஒரே வேகத்தில் ஓட்டும் வசதியில்லை. பொருந்தினால் அது அதிர்ஷ்டமும் காதும் சேர்ந்து தந்தது.

பொருந்தும்போது என்ன நடக்கிறது என்பதை 'ஹெல்ப் மீ சம்பாடி'யில் கேளுங்கள். போதகர் ஒரு சொற்றொடரைச் சொல்லி மூச்சு வாங்குகிறார். அந்த மூச்சு விட்ட இடத்தில் கிட்டார் ஒரு சின்னக் கீறல் போடுகிறது. அடுத்த சொல் கிட்டாருக்குப் பதில் சொல்வதுபோல் வந்து விழுகிறது. பிரசங்கம் செய்தவருக்கு இந்தக் கிட்டார் இருப்பதே தெரியாது. ஆனாலும் அவர் இந்தக் குழுவோடு வருடக்கணக்காகப் பாடியவர்போல் ஒலிக்கிறார். பேச்சுக்குள் பாட்டு ஒளிந்திருக்கிறது என்று எத்தனையோ பேர் சொல்லியிருக்கலாம். காதால் கேட்க வைத்தது இந்த ஆல்பம்.

தாளத்திலும் இதே பிடிவாதம் இருக்கிறது. டிரம்ஸ் செட்டில் பெரிய டிரம்முக்குப் பதிலாக அட்டைப் பெட்டியை வைத்து உதைத்திருக்கிறார்கள். ஸ்னேர் டிரம் இருக்க வேண்டிய இடத்தில் வாணலி. இதைப் பைர்ன் தம்முடைய 'ஹவ் மியூசிக் ஒர்க்ஸ்' நூலில் விவரமாக எழுதியிருக்கிறார். அட்டைப் பெட்டியின் ஓசையில் அதிர்வு இல்லை, மொத்தென்று விழுந்து அங்கேயே அடங்கிவிடும். ஆல்பம் முழுவதும் அடித்தளத்தில் ஒரு வறண்ட, நெருக்கமான துடிப்பு இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம். பேஸ் கிட்டாரில் பஸ்டா ஜோன்ஸ், பில் லாஸ்வெல் போன்றவர்களும், 'ரெஜிமென்ட்' பாடலின் டிரம்ஸில் டாக்கிங் ஹெட்ஸின் கிறிஸ் ஃபிரான்ட்ஸும் வந்து வாசித்துப் போனார்கள். பதிவு லாஸ் ஏஞ்சலிஸ், சான் பிரான்சிஸ்கோ, நியூயார்க் என்று ஊர் ஊராக நடந்தது.

இதில் ஒரு தடங்கல் வந்தது. காத்ரின் கூல்மன் என்ற நோய் தீர்க்கும் பெண் போதகரின் குரலை வைத்து ஒரு பாடலை முடித்திருந்தார்கள். அவர் 1976-லேயே இறந்துவிட்டார். அவருடைய உரிமையைக் கையில் வைத்திருந்தவர்கள் அனுமதி தர மறுத்துவிட்டார்கள். குரலை எடுத்துவிட்டு, அதே இசையின் மேல் வேறொரு குரலைத் தேட வேண்டியதாயிற்று. 1980 செப்டம்பரில் நியூயார்க் வானொலியில் ஒருவர் பேயோட்டுவதைப் பிடித்தார்கள். அதுதான் 'தி ஜெசபெல் ஸ்பிரிட்'. பேயோட்டுபவரின் நிதானமான, கிட்டத்தட்ட கனிவான குரல். எதிரே ஒரு பெண்ணின் மூச்சு இரைப்பு. பேஸ் விடாமல் ஒரே வட்டத்தில் சுற்றுகிறது. அந்த மூச்சு வேகமெடுக்க, கேட்பவருக்கும் நெஞ்சு அடைக்கிறது. ஆல்பத்தின் உச்சம் இதுதான் என்று உறுதியாகச் சொல்வேன். உரிமையாளர்கள் மறுத்திருக்காவிட்டால் இந்தப் பாடல் பிறந்தே இருக்காது.

இந்த அனுமதி அலைச்சலில் வெளியீடு தள்ளிப்போனது. இந்த ஆல்பத்துக்குப் பிறகு தொடங்கிய டாக்கிங் ஹெட்ஸின் 'ரிமெய்ன் இன் லைட்' முந்திக்கொண்டு 1980 அக்டோபரிலேயே வந்துவிட்டது. இந்த ஆல்பத்தின் சோதனைகளில் கற்றதெல்லாம் அதில் பாட்டாகக் கனிந்திருந்தது. உலகமோ விளைந்ததை முதலில் கேட்டுவிட்டு விதையைப் பிறகுதான் கேட்டது. 'புஷ் ஆஃப் கோஸ்ட்ஸ்' வந்தபோது சில விமர்சகர்கள் அதைக் குளிர்ச்சியானது, மூளையால் செய்தது என்று ஒதுக்கியதற்கு இந்த வரிசை மாற்றமும் காரணமாக இருந்திருக்கும் என்பது என் எண்ணம்.

இனி மறுவெளியீட்டுக்கு வருகிறேன். அமெரிக்காவில் அதை வெளியிட்டது நான்சச் நிறுவனம். இந்தப் பெயர் நமக்கு அந்நியமானதில்லை. 1960-களின் பிற்பகுதியில் இந்நிறுவனம் 'எக்ஸ்ப்ளோரர்' என்ற வரிசையில் உலகத்தின் பல பகுதி இசையைக் குறைந்த விலையில் கொண்டுவந்தது. ராம்நாட் கிருஷ்ணனின் 'வித்வான்' இசைத்தட்டும், கே.வி. நாராயணஸ்வாமியின் பதிவும் அந்த நிறுவனத்தின் வழியாகத்தான் மேலை நாட்டு வீடுகளுக்குள் போயின. வேற்று நாட்டுப் பதிவுகளின் மீதான மோகத்தில் பிறந்த ஓர் ஆல்பம், அத்தகைய பதிவுகளை வெளியிட்ட இடத்துக்கே கால் நூற்றாண்டு கழித்து வந்து சேர்ந்தது.

கூடுதலான ஏழில் முதலாவது 'பிட்ச் டு வோல்டேஜ்'. ஓர் ஒலியின் சுருதியை மின்னழுத்தமாக மாற்றி அதைக் கொண்டு சிந்தசைசரை இயக்கும் நுட்பத்தின் பெயர் அது. அடுத்தது 'டூ அகெய்ன்ஸ்ட் த்ரீ'. இரண்டடித் துடிப்பின் மேல் மூன்றடித் துடிப்பை ஏற்றி நிறுத்துவது. பெயர்களைக் கவனியுங்கள். இவை பாடல்களின் தலைப்புகளே இல்லை. டேப் பெட்டியின் முதுகில் அடையாளத்துக்குக் கிறுக்கி வைத்தவை போலத்தான் இருக்கின்றன. 'நம்பர் 8 மிக்ஸ்' என்பதும் அப்படியே. 'வோக்கல் அவுட்டேக்ஸ்' ஒரு நிமிடம்கூட ஓடாது. பயன்படாமல் போன குரல் துணுக்குகள் அவ்வளவுதான். 'நியூ ஃபீட்', 'டிஃபயன்ட்' இரண்டும் மட்டும் ஆல்பத்தில் இடம்பிடித்திருக்கக் கூடிய அளவுக்கு வளர்ந்தவை.

வாசகியின் கேள்விக்கு என் பதில் இந்த ஏழில்தான் இருக்கிறது. இவை நன்றாக இல்லாததால் விடுபட்டவை அல்ல. பலவற்றில் குரல் வந்து அமரவில்லை, அதனால் விடுபட்டவை. தாளம் தயார், பேஸ் தயார், ஆனால் எந்தப் போதகரும் எந்தப் பாடகியும் வந்து அந்த நாற்காலியில் உட்காரவில்லை. இவற்றைக் கேட்டுவிட்டு மறுபடி 'ஹெல்ப் மீ சம்பாடி'க்குப் போனால், அதிலும் குரலில்லாமல் ஒரு காலம் இருந்திருக்கும் என்பது காதுக்குப் புலப்படுகிறது. இரண்டு இயந்திரங்களை முடுக்கிவிட்டுக் காத்திருந்த அந்த வேலை எவ்வளவு நிச்சயமற்றது, எத்தனை ட்ராக்குகள் துணை கிடைக்காமல் நின்றுபோயிருக்கும் என்பதும் தெரிகிறது. முடிந்த படைப்பு தான் உருவான விதத்தை மறைத்துவிடும். நல்ல போனஸ் பாடல் அதைத் திறந்து காட்டும்.

எனக்கு மிகவும் பிடித்தது கடைசியில் இருக்கும் 'சோலோ கிட்டார் வித் டின் ஃபாயில்'. தனி ஒரு கிட்டார், கூட ஒரு மெல்லிய உலோகத் தாள். தம்புராக் கம்பிக்கும் குதிரைக்கும் நடுவே ஜீவா நூலைச் செருகியதும் நாதம் இழைந்து விரியும் இல்லையா? அதற்கு உறவுக்காரக் காரியம் இது. கம்பியின் ஒலியில் ஒரு சலசலப்பு ஏறிக்கொள்கிறது. தாளத்தால் நெய்த ஓர் ஆல்பத்தின் கடைசியில் தாளமே இல்லாமல், யாரும் யாரையும் அதட்டாமல் ஓர் இசை. 1981-ல் இதற்கு இடமே இருந்திருக்காது. 2006-ல் இருந்தது, இதைச் சேர்த்தவர்களுக்கு நன்றி.

ஆனால் ஒரு குறையைச் சொல்ல வேண்டும். மூல ஆல்பம் 'மவுன்டன் ஆஃப் நீடில்ஸ்' என்ற பேச்சற்ற, மெதுவான சின்ன இசையோடு முடிகிறது. அத்தனை கூச்சலுக்குப் பின் வரும் அமைதி அது. மறுவெளியீட்டில் அது முடிந்த மறு நொடியே பன்னிரண்டாவது ட்ராக் தொடங்கிவிடுகிறது. இசைத்தட்டில் ஊசி தானாக மேலெழுந்து நிற்கும். அந்த நேரம் நம்முடையது. கூடுதல் பாடல்களுக்கு இன்னொரு வட்டைக் கொடுத்திருந்தால் அது பிழைத்திருக்கும். அதேபோல் மூல இசைத்தட்டில் 'தி ஜெசபெல் ஸ்பிரிட்' முதல் பக்கத்தின் கடைசிப் பாடல். பேயோட்டி முடித்ததும் நாம் எழுந்து போய்த் தட்டைத் திருப்பிப் போட வேண்டும். அந்த இடைவெளியும் சி.டி.யில் இல்லை.

தட்டைத் திருப்பிப் போட்டால் 1981-ல் முதலில் கேட்டது எது? இங்கேதான் இல்லாமல் போன பாடலைப் பற்றிச் சொல்ல வேண்டியிருக்கிறது. அதன் பெயர் 'குர்ஆன்'. அல்ஜீரிய முஸ்லிம்கள் திருக்குர்ஆனை ஓதுவதைப் பதிவு செய்திருந்த ஓர் இசைத்தட்டிலிருந்து குரலை எடுத்து, கீழே தாளம் சேர்த்திருந்தார்கள். வெளியான சிறிது காலத்தில் பிரிட்டனின் இஸ்லாமிய அமைப்பு ஒன்றிடமிருந்து அவர்களுக்கு வேண்டுகோள் வந்தது. புனித வேதத்தை ஓதுவதற்குத் தாளம் கட்டுவது தங்களுக்கு மனவேதனை தருகிறது என்பது அதன் சாரம். ஈனோவும் பைர்னும் சண்டைக்குப் போகவில்லை. 1982-லிருந்து பிரிட்டன் பதிப்புகளில் அந்த இடத்தில் 'வெரி வெரி ஹங்ரி' என்ற வேறு பாடல் வந்தது. 2006-லும் ஆறாவது பாடல் அதுதான்.

பாடலை எடுத்ததை நான் குறை சொல்ல மாட்டேன். சான் பிரான்சிஸ்கோவின் வானொலித் தொகுப்பாளர் பேசியது காற்றில் போகிற பேச்சு. வேதம் ஓதுபவர் தன் குரலை ஒரு காரியத்துக்காக மட்டும் கொடுக்கிறார். அதை இன்னொன்றுக்கு எடுத்துக்கொள்ளாதீர்கள் என்று அந்தச் சமூகத்தவர் கேட்டுக்கொண்டால் விட்டுக்கொடுப்பது கௌரவமான செயல். தங்கள் ஆல்பத்தில் ஓட்டை விழுந்தாலும் பரவாயில்லை என்று இருவரும் சம்மதித்தது அவர்கள் மீதான மதிப்பைக் கூட்டுகிறது.

ஆனால் பாடல் பட்டியலில் அந்த மாற்றத்தின் சுவடே இல்லை. புதிதாக வாங்குகிற ஓர் இளைஞர் அந்தப் பட்டியலைப் பார்த்து, இந்தப் பதினொன்றும்தான் 1981-ல் வந்த பதினொன்று என்று நம்புவார். ஏழு சேர்த்தோம் என்று பெருமையோடு சொல்கிற இடத்திலேயே, ஒன்றை எடுத்தோம், இன்ன காரணத்துக்காக எடுத்தோம் என்று ஒரு வரி இருந்திருக்கலாம். அந்தக் காரணம் மறைக்க வேண்டியதும் இல்லை. பதிப்புப் பணியில் இருப்பவனாக இதை அழுத்திச் சொல்கிறேன். பழையதைத் திரும்பக் கொண்டுவருகிறவர், சேர்த்ததையும் நீக்கியதையும் ஒரே பக்கத்தில் சொல்லிவிட வேண்டும். வாசகருக்கும் கேட்பவருக்கும் நாம் கொடுக்கும் வாக்கு அது.

நீக்கியதைப் பற்றிப் பேசினால் இருப்பதைப் பற்றியும் கேள்வி வரும். துன்யா யூனிஸ் பாடியது லெபனானின் நாட்டுப்புறப் பாட்டு வகை ஒன்று. ஜீன் ஜென்கின்ஸ், பால் ரோவ்சிங் ஓல்சன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் இஸ்லாமிய உலகின் இசையைத் தொகுத்த இசைத்தட்டு வரிசைக்காகப் பதிவானது. 'ரெஜிமென்ட்' பாடலை அது இல்லாமல் நினைத்துப் பார்க்கவே முடியாது. பாடலை நிமிர்த்தி நிறுத்துவது அந்தக் குரல்தான். கிட்டாரும் பேஸும் அதற்குப் பக்கவாத்தியம். ஆனால் அட்டையின் முகப்பில் இருக்கும் பெயர்கள் இரண்டுதான். உள்ளே சின்ன எழுத்தில் குரல்களின் விவரம் உண்டு. 1981-ல் அதைச் செய்யாதவர்களே அதிகம் என்பதால் அந்த நேர்மையைப் பாராட்ட வேண்டும். 'தி ஜெசபெல் ஸ்பிரிட்'டில் பேயோட்டியவர் பெயர் தெரியாதவர் என்றே அதில் இருக்கிறார். மூச்சிரைத்த அந்தப் பெண்ணுக்கோ அதுவும் இல்லை. இந்தப் பாட்டைக் கேட்கும் ஒவ்வொரு முறையும் அவரை நினைத்துக்கொள்கிறேன். தன் வாழ்க்கையின் மிக மோசமான மணி நேரம் ஒன்று பாட்டாகிவிட்டது அவருக்குத் தெரியுமா?

மறுவெளியீட்டின்போது இன்னொரு காரியமும் செய்தார்கள். 'ஹெல்ப் மீ சம்பாடி', 'எ சீக்ரெட் லைஃப்' இரண்டு பாடல்களின் தனித்தனி ட்ராக்குகளை, டிரம்ஸ் தனி, பேஸ் தனி, குரல் தனி என்று பிரித்து, கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தின் கீழ் யார் வேண்டுமானாலும் எடுத்து மாற்றி அமைத்துக்கொள்ளலாம் என்று திறந்துவிட்டார்கள். பிறர் குரலை எடுத்துப் பாட்டு செய்தவர்கள், தங்கள் பாட்டைப் பிறர் எடுத்துக்கொள்ளக் கொடுத்தது எனக்கு மிகவும் நியாயமாகப் படுகிறது. பல நாட்டு இளைஞர்கள் அவற்றைப் பிரித்துப் போட்டுப் புதிதாகக் கட்டினார்கள். ஏழு போனஸ் பாடல்களைவிடப் பெரிய போனஸ் இது என்றுகூடச் சொல்வேன்.

ஆல்பத்தின் பெயரைப் பற்றியும் ஒரு சேதி. அது நைஜீரிய எழுத்தாளர் ஆமோஸ் டுடுவோலா 1954-ல் எழுதிய நாவலின் பெயர். லாகோஸில் தொழிலாளர் துறை அலுவலகத்தில் கடைநிலை ஊழியராக இருந்தவர் அவர். போர்க் கூச்சலுக்குப் பயந்து ஓடும் ஒரு சிறுவன் பேய்களின் காட்டுக்குள் போய், இருபத்துநான்கு ஆண்டுகள் வழி தெரியாமல் அலைவதுதான் கதை. யொருபா வாய்மொழிக் கதைகளின் மூச்சு அதில் இருக்கிறது. ஈனோவும் பைர்னும் தலைப்பை எடுத்துக்கொண்டபோது புத்தகத்தைப் படித்திருக்கவில்லை. அந்த நாவலில் ஒரு பேய் வருகிறது. அதன் உள்ளங்கையில் தொலைக்காட்சி. பார்த்தால் ஊரில் அம்மா இருப்பது தெரியும். நைஜீரியாவுக்குத் தொலைக்காட்சி நிலையம் வருவதற்கு ஐந்து ஆண்டு முன்பே எழுதியது இது. ஆல்பத்தின் பழைய அட்டையில் இருக்கும் மங்கலான மனித உருவங்களும் ஒரு தொலைக்காட்சியிலிருந்து வந்தவைதான். காகிதத்தில் வெட்டிய உருவங்களைத் திரையில் ஒட்டி, அதைக் கேமராவால் பிடித்து, அதே திரைக்குத் திருப்பி அனுப்பி எடுத்த படம். இந்த ஆல்பம் பிடிக்கிறவர்கள் நாவலைத் தேடிப் படியுங்கள். தலைப்பைக் கடன் கொடுத்தவருக்கு நாம் செய்கிற மரியாதை அது.

கேட்கப் போகிறவர்களுக்கு என் யோசனை இதுதான். முதல் நாள் பதினொன்றோடு நிறுத்திவிடுங்கள். ஐந்தாவது பாட்டு முடிந்ததும் ஒரு நிமிடம் எழுந்து நடந்துவிட்டு வாருங்கள். ஏழை இன்னொரு நாளைக்கு வைத்துக்கொள்ளுங்கள். நல்ல ஹெட்ஃபோன் இருந்தால் அட்டைப் பெட்டியும் வாணலியும் எங்கே என்று கண்டுபிடிக்கலாம். கேட்டுவிட்டு எழுதுங்கள். பிடிக்கவில்லை என்றாலும் எழுதுங்கள்; ஏன் பிடிக்கவில்லை என்று எழுதினால் அடுத்த இதழில் முதல் கடிதமாக வரும்.

இந்த மறுவெளியீடு இன்னொன்றையும் கொண்டுவந்தது. அதன் வேலைகளுக்காகச் சந்தித்துப் பேசிக்கொண்டிருந்த காலத்தில், சொல் சேராத இசைத் துண்டுகள் தன்னிடம் நிறையக் கிடக்கின்றன என்று ஈனோ சொல்லியிருக்கிறார். நான் எழுதிப் பார்க்கட்டுமா என்று பைர்ன் கேட்டிருக்கிறார். 2008 ஆகஸ்டில் 'எவ்ரிதிங் தட் ஹேப்பன்ஸ் வில் ஹேப்பன் டுடே' வெளிவந்தது. இருவர் பெயரும் சேர்ந்து வந்த இரண்டாவது ஆல்பம். முதலாவதுக்கு 27 ஆண்டு கழித்து. வானொலியும் இல்லை, போதகரும் இல்லை. இந்த முறை எல்லாப் பாட்டையும் பைர்னே பாடினார்.

அன்புடன்,
ஆசிரியர்